கைக்கு வந்த கருப்புச் சாவன்: இந்தத் தழும்பு உடைசலா, வேலைப்பாடா?

#1 ஒசாகாமழை

எல்லோருக்கும் வணக்கம். ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பிரிவில் இருந்த ஒரு பெரியவர் போன மாதம் ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார். கெட்டியான நாடா போட்டுக் கட்டியிருந்தது. மூடியில் மை எழுத்து. உள்ளே மஞ்சள் துணியில் சுற்றி ஒரு கிண்ணம். "சாவன், மாட்சா குடிக்க" என்று மட்டும் சொன்னார். சாவன் என்றால் தேநீர்க் கிண்ணம், மாட்சா என்றால் பச்சைத் தேயிலைப் பொடி.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். கரிய நிறம். பளபளப்பு கிடையாது, மழையில் நனைந்த கருங்கல் மாதிரி இருக்கிறது. விளிம்பு ஒரே மட்டமாக இல்லை, ஏறி இறங்கிப் போகிறது. சுற்றளவும் சரியான வட்டம் இல்லை. இதெல்லாம் ஜப்பானியர் விரும்பிச் செய்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில் நகம் அளவுக்கு ஒரு சொரசொரப்பான தழும்பு. அதற்கு நேர் உள்பக்கம் இன்னொன்று, கொஞ்சம் சிறியது. எதையோ வைத்துக் கிள்ளியது போல இருக்கிறது.

வரும் வழியில் நான்தான் எங்காவது இடித்துவிட்டேனோ என்று மனது அடித்துக்கொள்கிறது. அவரிடம் கேட்கவும் கூச்சம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், இதைப் புழங்கலாமா, அலமாரியில் வைத்துவிட வேண்டுமா?

#2 களிமண்கை

தங்கச்சி, நிம்மதியாக இருங்கள். நீங்கள் இடிக்கவில்லை. அது குறடு பிடித்த தடம். ஜப்பானிய மொழியில் ஹசாமி-அதோ என்பார்கள். அந்தக் கிண்ணம் எப்படிப் பிறந்தது என்று அந்த ஒரு தழும்பே சொல்லிவிடும்.

உங்களிடம் இருப்பது கருப்பு ராக்கு வகை. கியோட்டோவில் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சோஜிரோ என்ற கைவினைஞர் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசானின் எண்ணத்துக்கு ஏற்ப இந்தக் கிண்ணங்களைச் செய்தார். ரிக்யூ 1522இல் பிறந்து 1591இல் இறந்தவர். சோஜிரோ அவருக்கு இரண்டு வருடம் முன்னால், 1589இல் போய்விட்டார். அவர் வழிவந்த ராக்கு குடும்பம் இன்றும் கியோட்டோவில் இதே வேலையைச் செய்கிறது. இப்போது இருப்பவர் 16ஆம் தலைமுறை.

இந்தக் கிண்ணத்துக்குச் சக்கரம் கிடையாது. மண்ணை அடை தட்டுவது போல வட்டமாகத் தட்டி, ஓரத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்ல மெல்ல எழுப்புவார்கள். கை மூடிய நிலையில் உள்ளே எவ்வளவு இடம் இருக்குமோ அந்த வடிவம் வந்துவிடும். மண் பாதி காய்ந்து இறுகியதும் கத்தி போன்ற கருவியால் உள்ளும் புறமும் சீவி எடுப்பார்கள். அதனால் ராக்கு கிண்ணம் பாதி வனைந்தது, பாதி செதுக்கியது.

பிறகு கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி போல மூடும் மேல்பூச்சு. கருப்புக்கு அவர்கள் எடுப்பது காமோ ஆற்றுக் கல். இரும்புச் சத்துள்ள அந்தக் கல்லைப் பொடித்துக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது என்று பல தடவை பூசுவார்கள். சூளை சின்னது. கரிநெருப்பு, துருத்தி வைத்து ஊதுவது. கருப்பு ராக்குவை ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுடுவார்கள். சூடு 1200 டிகிரி அளவுக்கு ஏறி, பூச்சு உருகிப் பாகு மாதிரி நிற்கும் நேரத்தில் நீண்ட இரும்புக் குறட்டால் கிண்ணத்தின் சுவரைப் பிடித்து வெளியே எடுத்துவிடுவார்கள். வெளிக்காற்றில் சட்டென்று குளிர்வதால்தான் அந்தக் கருப்பு கிடைக்கிறது. அதையே சூளைக்குள் விட்டு மெதுவாக ஆறவிட்டால் பழுப்பாகிவிடும்.

குறட்டின் ஒரு அலகு வெளியே, ஒன்று உள்ளே. உருகிய பூச்சின் மேல் இரும்பு அழுந்திய இடம்தான் உங்கள் இரண்டு தழும்பும்.

எனக்குப் பதினெட்டு வருடமாகச் சக்கரத்தில்தான் சோறு. புதுச்சேரிப் பக்கம் கற்றுக்கொண்டேன். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் பிசென் ஊரில் வேலை பழகியவர். அந்த வழியாகத்தான் ஜப்பானியப் பானை வேலை எங்கள் பக்கத்துக் காதுகளில் விழுந்தது. செந்நிறமாகத் தகதகக்கும் கிண்ணத்தைக் குறட்டில் தூக்கும் அந்தச் சில விநாடிகள் எப்படிப்பட்டவை என்று சூளை முன்னால் நின்றவனுக்குத் தெரியும். கை நடுங்கினால் அத்தனை நாள் வேலையும் போச்சு.

#3 கணக்குப்பிள்ளை

மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் வேளார் வீட்டில் வாய் கோணிய சட்டியைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள், பாதி விலைக்குப் போகும். அதே கோணல் ஜப்பானில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் கலை என்கிறோம். வட்டமாகச் செய்யத் தெரிந்த கை வேண்டுமென்றே கோணலாகச் செய்வது எதற்கு? பணம் உள்ளவர்கள் சேர்ந்து, எளிமையையே விலை உயர்ந்த பொருளாக ஆக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

#4 கிழக்குவாசல்

கேள்வி நியாயமானது. நான் கியோட்டோவில் இருக்கிறேன், ஆறு வருடமாகத் தேநீர் வகுப்புக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாவனை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது கையில் பிடிப்பதற்காகச் செய்த பொருள். கைப்பிடி கிடையாது. கொதிநீர் ஊற்றிக் கடைந்த பானத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். மெல்லிய பீங்கான் என்றால் விரல் சுட்டுவிடும். ராக்கு மண் இறுகி வேகாமல் உள்ளே நுண்ணிய காற்றறைகளோடு இருப்பதால் சூடு மெதுவாகத்தான் வெளியே வரும். முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு இளஞ்சூடாக உள்ளங்கைக்கு ஏறும். அந்தச் சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று அப்போது புரிந்துவிடும்.

விளிம்பு ஏறி இறங்குவதற்கும் காரணம் உண்டு. உதடு வைக்கும் இடம் ஒன்று, தேநீர்ப் பொடி எடுக்கும் மூங்கில் கரண்டியை மேலே சாய்த்து வைக்க ஒன்று. விளிம்பு லேசாக உள்ளே வளைந்திருந்தால் சூடும் நிற்கும், கடையும்போது நுரையும் தெறிக்காது. உள்ளே நடு அடியில் ஒரு சிறு பள்ளம் இருக்கும், சாதமாரி என்று பெயர். குடித்து முடித்ததும் கடைசித் துளிகள் பச்சையாக அங்கே வந்து தேங்கும். மூங்கில் மத்து சுழலும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மத்தின் நுனிகள் தேய்ந்துவிடும். வெளியே எவ்வளவு கரடுமுரடாகத் தெரிந்தாலும் உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள்.

கோடைக்கு அகன்ற தட்டைக் கிண்ணம், சீக்கிரம் ஆறட்டும் என்று. கடுங்குளிருக்கு உயரமான குழல் போன்ற கிண்ணம். இதை எல்லாம் பார்த்தால், அழகுக்காக மட்டும் யாரோ கோணலாக்கிய பொருளாக எனக்குத் தெரியவில்லை.

ஒசாகாமழை, மஞ்சள் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு உகோன் துணி என்று பெயர், உகோன் என்றால் நம்ம மஞ்சளேதான். பூச்சி அண்டாது என்று மஞ்சளில் தோய்த்துச் சாவனைச் சுற்றி வைப்பது பழக்கம். எனக்கு முதல் முறை இதைச் சொன்னபோது வீட்டு நினைப்பு வந்துவிட்டது.

#5 களிமண்கை

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கணக்குப்பிள்ளை, உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் கிண்ணத்தின் மேலே இல்லை, அடியில் இருக்கிறது. கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

சாவனின் அடிவளையத்துக்குக் கோதாய் என்று பெயர். தேநீர் விருந்தில் குடித்து முடித்ததும் விருந்தாளி முழங்கையைத் தாழ்த்தி, கிண்ணத்தைப் பாய்க்கு நெருக்கமாகப் பிடித்து, மெதுவாகக் கவிழ்த்து இதைத்தான் பார்ப்பார். மற்ற இடமெல்லாம் கிளேஸ் மூடியிருக்கும். அடியில் பெரும்பாலும் மண் அப்படியே தெரியும். என்ன மண், எவ்வளவு மணல், எவ்வளவு வெந்தது, செய்தவன் கை வேகமா நிதானமா, எல்லாம் அங்கே எழுதியிருக்கும்.

சக்கரத்தில் செய்யும் சாவனை எடுத்துக்கொள்ளுங்கள். மண்குவியலின் உச்சியில் கிண்ணத்தை வனைந்து நூலால் அறுத்து எடுத்து வைப்பார்கள். மண் தோல் மாதிரி இறுகியதும் கவிழ்த்து, சுற்றவிட்டு, அடியைச் செதுக்குவார்கள். இங்கே தயங்கவே கூடாது. இரண்டு மூன்று சுற்றில் வளையம் வந்துவிட வேண்டும். ஒரு தடவை செதுக்கியதை அழகுபடுத்துகிறேன் என்று மறுபடி தொட்டால் செத்துப்போகும். மணல் கலந்த கரடான மண்ணில் கருவி ஓடும்போது மேல்தோல் பிய்ந்து சின்னச் சின்னச் சுருக்கமாக எழும். கராட்சு என்ற ஊர்ச் சாவன்களில் அதைச் சிரிமென் சுருக்கம் என்பார்கள், சிரிமென் என்பது ஒரு வகைச் சுருக்கப் பட்டு. மண் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் அது வராது, கொஞ்சம் அதிகம் காய்ந்தாலும் வராது. நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மதியம் இருபத்திரண்டு கிண்ணத்தைச் செதுக்கினேன். அந்தச் சுருக்கம் சரியாக எழுந்தது மூன்றில். அந்த மூன்றும் நடுவில் செதுக்கியவை. முதலில் எடுத்தவை ஈரம், கடைசியில் எடுத்தவை காய்ந்துபோனவை.

வேளார் ஒதுக்கும் கோணல் சட்டி கை தவறியதால் வந்தது. இங்கே கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நின்றிருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

#6 மெதுநடை

ஒரு சந்தேகம். சென்னையில் ஒரு பட்டறையில் ராக்கு செய்முறை என்று போனேன். சிவக்கச் சிவக்க எடுத்து மரத்தூளுக்குள் போட்டு மூடி, புகைவிட்டு, செம்பு நிறமெல்லாம் வந்தது. இதுவும் அதுவும் ஒன்றுதானா?

இன்னொன்று. என்னிடம் ஒரு ஹாகி சாவன் இருக்கிறது, வெளிர் பழுப்பு. தண்ணீர் ஊற்றி வைத்தால் அரை மணி நேரத்தில் மேசை நனைகிறது. விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்களா?

#7 களிமண்கை

ஒன்றில்லை. மரத்தூளில் புகைய வைப்பது 1960களில் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்ற குயவர் வழியாகப் பரவியது. பெயரும் சிவந்த நிலையில் வெளியே எடுப்பதும் மட்டும் ஜப்பானிலிருந்து போனவை. கியோட்டோ ராக்குவில் மரத்தூளும் இல்லை, வானவில் நிறமும் இல்லை. பட்டறையில் செய்ததைப் பூச்சட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் எதையும் குடிக்க வேண்டாம்.

ஹாகி பற்றி அக்கா சொல்வார்.

#8 கிழக்குவாசல்

யாரும் ஏமாற்றவில்லை தம்பி. ஹாகி அப்படித்தான். யாமாகுச்சிப் பக்கம் ஹாகி ஊரில் தைதோ என்ற மண்ணை அடிப்படையாக வைத்துச் செய்வார்கள். மெதுவாக, அதிகச் சூடு ஏற்றாமல் சுடுவதால் மண் முழுக்க இறுகாது. மேலே உள்ள கிளேஸில் நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடும். புழங்கப் புழங்கத் தேநீர் அந்த வெடிப்பு வழியே உள்ளே இறங்கி, பல வருடத்தில் கிண்ணத்தின் நிறமே மாறும். ஹாகியின் ஏழு மாற்றம் என்று அதற்கு ஒரு சொல்வழக்கே இருக்கிறது. "முதலில் ராக்கு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு" என்று தேநீர்க்காரர்கள் வரிசை சொல்வதும் உண்டு.

கசிவுக்கு வீட்டு வைத்தியம் இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரிலோ நீர்த்த கஞ்சியிலோ கிண்ணத்தை முழுக்க மூழ்கவைத்து, மிகச் சின்னத் தீயில் மெதுவாகச் சூடேற்றி, அடுப்பை அணைத்து அதிலேயே ஆறவிடுங்கள். மாவுச்சத்து நுண்துளைகளில் போய் அடைக்கும். பிறகு கழுவி நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஒரே தடவையில் நிற்காவிட்டால் மறுபடி செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் தேநீர் கடையும் முன் கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். மண் ஏற்கெனவே நீர் குடித்திருந்தால் தேநீரைக் குறைவாகத்தான் குடிக்கும், கறையும் திட்டுத்திட்டாகப் பிடிக்காது.

சோப்பு வேண்டவே வேண்டாம், மண் அதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழுவி இரண்டு மூன்று நாள் திறந்து உலரவிட்ட பிறகுதான் பெட்டி. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும். ஒசாகாமழை, இது உங்களுக்கும்தான். புழங்குங்கள், அலமாரிக்காகக் கொடுத்திருக்க மாட்டார்.

#9 பழங்காசு

கணக்குப்பிள்ளை எழுப்பிய விஷயத்துக்கு வரலாறு வழியே வருகிறேன்.

ஜப்பானில் தேசியப் பொக்கிஷம் என்று அரசு அறிவித்த தேநீர்க் கிண்ணங்கள் எட்டு. அதில் ஐந்து சீனாவில் செய்தவை. ஒன்று கொரியா. ஜப்பானில் பிறந்தவை இரண்டே இரண்டு. அந்தக் கொரியக் கிண்ணத்தின் பெயர் "கிசாயெமோன் இதோ", இதோ என்பது அந்தக் கிண்ண வகையின் பெயர். கியோட்டோவில் தைதோகுஜி கோயிலின் உட்பிரிவான கோஹோஅன்னில் இருக்கிறது.

அதைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் ஏதோ ஒரு சூளையில், வேகமாக, குறைந்த விலைக்குச் செய்த கிண்ணம். சோற்றுக் கிண்ணம் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள், படையல் கிண்ணம் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். கலைப்பொருள் செய்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். 1931இல் யானகி சொயெட்சு என்ற கைவினைச் சிந்தனையாளர் அதைப் பார்க்கப் போனார். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி, ஊதாப் பட்டில் சுற்றி வைத்திருந்த கிண்ணத்தை வெளியே எடுத்தார்கள். இதைவிடச் சாதாரணமான ஒன்று இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சாதாரணத்தில்தான் அதன் சிறப்பு இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்கப் பேசினார். மக்கள் கைவினைக்கு அவர் கொடுத்த பெயர்தான் மிங்கேய்.

கிசாயெமோன் கிண்ணம் லொகாட் பழ நிறம், ஆரஞ்சு கலந்த மஞ்சள். சுவரில் சக்கரம் ஓடிய வரிகள். அடிவளையம் மூங்கில் கணு மாதிரி நடுவில் புடைத்திருக்கும். அதைச் சுற்றி கிளேஸ் சுருண்டு, திருக்கை மீன் தோல் போலத் துளித்துளியாக உறைந்திருக்கும். அதற்குக் கைராகி என்று பெயர். பானைக்காரர் கணக்கில் அது பூச்சு சரியாக ஒட்டாத குறை. தேநீர்க்காரர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். கிண்ணத்தை வைத்திருப்பவருக்குக் கட்டி வரும் என்ற கதை வேறு உண்டு. வணிகர் கிசாயெமோன் வறுமையில் வீழ்ந்தும் இதை விற்காமல் கட்டி வந்து இறந்தார் என்பார்கள். பிறகு மட்சுதைரா ஃபுமாய் என்ற பிரபு வாங்கினார், அவருக்கும் கட்டி வந்ததாம். அவர் காலத்துக்குப் பின் குடும்பம் அதைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டது.

ஆக, வேண்டுமென்றே கோணலாக்கியதா என்று கேட்டீர்களே, இந்தக் கிண்ணம் அப்படி இல்லை. இதைப் பார்த்துப் பழகிய கண்களுக்காகத்தான் பின்னால் வந்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். ரிக்யூவின் சீடர் ஃபுருதா ஒரிபே காலத்தில் கிண்ணத்தை அழுத்தி நெளித்து, காலணி போன்ற வடிவம் என்று பெயர் வாங்கும் அளவுக்குப் போனது. என் மனது என்னவோ கிசாயெமோன் பக்கம்தான். ஒரிபே கிண்ணங்களில் செய்தவர் நம்மைப் பார்ப்பது தெரிகிறது.

#10 கணக்குப்பிள்ளை

நன்றி பழங்காசு. இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கொரியாவில் பெயர் தெரியாத குயவர் செய்தார், ஜப்பானில் பிரபுக்கள் பெயர் வைத்தார்கள். கிண்ணத்துக்கு வாங்கியவரின் பெயர், செய்தவருக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குயவர்களுக்கு என்ன ஆனது?

#11 பழங்காசு

அதை மறைக்கக் கூடாது. அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி 1592இல் கொரியா மீது படையெடுத்தார். 1598 வரை நடந்தது. திரும்பும்போது மேற்கு ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். குயவர் போர் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. மெதுநடையின் ஹாகி சாவன் அந்த வழிவந்தது. மோரி தெருமோதோ என்ற பிரபு கொண்டுவந்த லீ குடும்பத்து அண்ணன் தம்பிதான் அங்கே சூளை தொடங்கினார்கள். கராட்சு, அரிதா, சட்சுமா என்று அந்தப் பக்கத்துச் சூளை ஊர்களுக்கெல்லாம் இதே கதை. ஊருக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வனைந்தார்கள். ஹாகியின் அழகைப் பேசும்போது எனக்கு இது ஞாபகம் வந்துகொண்டே இருக்கும்.

பணக்காரர் விஷயத்திலும் நீங்கள் சொன்னது பாதி சரி. தேநீர் அன்று அதிகாரத்தோடு ஒட்டியேதான் வளர்ந்தது. ஆனால் அந்த அதிகாரத்துக்கே கருப்புக் கிண்ணம் பிடிக்கவில்லை. ஹிதெயோஷிக்குக் கருப்புச் சாவன் ஆகாது என்று ரிக்யூ சொன்னதை ஹகாதா வணிகர் காமியா சோதான் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஹிதெயோஷி தங்கத் தகடு பதித்த தேநீர் அறை கட்டியவர். அவர் முன்னால் ரிக்யூ இந்தக் கரிய மண்ணை வைத்தார். 1591இல் ஹிதெயோஷி ஆணைப்படியே ரிக்யூ வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். அதற்குக் காரணம் கிண்ணம் அல்ல, ஆனால் இரண்டு பேரின் கண்ணும் ஒரே பொருளைப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது.

#12 கிழக்குவாசல்

விலை பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கும் எழுத்துக்கும் விலை உண்டு. செய்தவர் கையெழுத்திட்ட பெட்டி இருந்தால் ஒரு விலை, தேநீர்ப் பள்ளியின் தலைவர் கிண்ணத்துக்குப் பெயர் சூட்டி மூடியில் எழுதியிருந்தால் வேறு விலை. கிண்ணம் அதேதான். அந்தச் சந்தையில் எனக்கும் உடன்பாடு இல்லை. எங்கள் வகுப்பில் புழங்குவது பெயரில்லாத கிண்ணங்கள். அவற்றிலும் கையில் சரியாக உட்காருவது ஒன்றிரண்டுதான், எல்லோரும் அதைத்தான் எடுக்கப் பார்ப்பார்கள்.

#13 களிமண்கை

அடிவளையம் பற்றிச் சொன்னேன் அல்லவா, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஷினோ என்று பால் வெள்ளைக் கிளேஸ் போட்ட சாவன்கள் உண்டு. தோடம்பழத் தோல் மாதிரி மேலெல்லாம் குட்டிக் குழி இருக்கும். ஜப்பானில் பிறந்த அந்த இரண்டு தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று ஷினோ, உனோஹனாகாகி என்று பெயர், தோக்கியோ மிட்சுயி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவை எல்லாம் செதோ ஊரில் செய்தவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

1930இல் அராகாவா தோயோசோ என்ற குயவர் நாகோயாவில் ஒரு பழைய ஷினோ கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். மேலே மூங்கில் குருத்து வரைந்த கிண்ணம். அடிவளையத்தில் கடுகளவு சிவந்த மண் ஒட்டியிருந்தது. செதோ மண் இப்படிச் சிவக்காதே என்று அவருக்குப் பொறி தட்டியது. அடுத்த சில நாளில் மினோ மலைப்பக்கம், இன்றைய கிஃபு மாநிலத்தில், பழைய சூளை இடிபாட்டில் தேடினார். அதே மூங்கில் குருத்து வரைந்த ஓட்டுத் துண்டு கையில் கிடைத்தது. ஷினோ மினோவுக்குச் சொந்தம் என்று அன்றைக்கு உறுதியானது. அவர் அங்கேயே பழைய முறையில் சூளை கட்டி உட்கார்ந்து, விட்டுப்போன ஷினோவைத் திரும்பக் கொண்டுவந்தார். 1955இல் வாழும் தேசியப் பொக்கிஷம் என்ற மதிப்பு அவருக்குக் கிடைத்தது.

கடுகளவு மண்! எத்தனை பேர் அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்திருப்பார்கள்? மண்ணில் வேலை செய்தவன் கண்ணுக்குத்தான் அது பட்டது. எங்கள் பட்டறைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் செதுக்கும் கருவியையே கையில் கொடுப்பேன்.

#14 மெதுநடை

அருமை அண்ணே. உடைந்தால் தங்கம் வைத்து ஒட்டுவது பற்றியும் சொல்லுங்கள். ஒரு பெட்டி வாங்கி ஒரு குவளையை ஒட்டினேன், வெந்நீர் ஊற்றியதும் பொன்வண்ணம் உரிந்து வந்துவிட்டது.

#15 கிழக்குவாசல்

நீங்கள் வாங்கியதில் இருந்தது செயற்கைப் பசையும் பித்தளைப் பொடியுமாக இருக்கும். அதில் குடிக்காதீர்கள். உண்மையான கின்ட்சுகியில் ஒட்டுவது தங்கம் இல்லை, உருஷி என்ற மரத்துப் பால். அதோடு மாவு கலந்து ஒட்டி, ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்து இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில்தான் மேலே தங்கப் பொடி தூவுவார்கள். ஈரக்காற்றில்தான் அந்தப் பால் இறுகும். இறுகும் முன் தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும், கவனம்.

ஹோன்அமி கோயெட்சு செய்த செப்போ என்ற சிவப்புக் கிண்ணத்தில் சூளையிலேயே விழுந்த வெடிப்பைத் தங்கத்தால் நிரப்பியிருக்கிறார்கள், மலை உச்சியில் பனி வழிவது போல இருக்கும். அவர் குடும்பத்துத் தொழில் வாள் மெருகேற்றுவது. ராக்கு குடும்பத்திடம் மண் வாங்கி, அவர்கள் சூளையில் சுட்டு வாங்கினார். ஜப்பானில் பிறந்த இன்னொரு தேசியப் பொக்கிஷமும் அவர் கைதான். ஃபுஜிசான் என்ற அந்தக் கிண்ணம் மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி சூளைக்குள் கரிந்து சாம்பல் நிறம். வெளியே எடுத்த பிறகுதான் அது மலையாகத் தெரிந்திருக்கிறது.

#16 ஒசாகாமழை

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று ஞாயிறு. கிண்ணத்தை வெந்நீரில் ஊறவிட்டு, இரண்டு கிராம் மாட்சாவைச் சலித்துப் போட்டு, எழுபது மில்லி வெந்நீர் ஊற்றிக் கடைந்தேன். கருப்புக்குள் அந்தப் பச்சை எப்படி எடுத்துக் காட்டியது என்று சொல்லத் தெரியவில்லை. அக்கா சொன்ன மாதிரியே சூடு பிந்தித்தான் கைக்கு வந்தது. கடைசித் துளிகள் நடுப் பள்ளத்தில் ஒரு சின்ன வட்டமாக நின்றன.

பிறகு முழங்கையை மேசையில் ஊன்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். வளையம் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். உள்ளே நத்தை ஓட்டுச் சுழி போல ஒரு கோடு நடுவை நோக்கிப் போகிறது. நடுவில் மண் கூம்பாக, அரிசி மணி அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. களிமண்கை அண்ணா, அது மிச்சம் விட்டுப்போனதா? சுழிக்குப் பக்கத்தில் வட்ட முத்திரை ஒன்று. எழுத்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

#17 களிமண்கை

விட்டுப்போனது இல்லை, விட்டுவைத்தது. தோகின் என்பார்கள், மலைத் துறவிகள் தலையில் வைக்கும் சின்னத் தொப்பியின் பெயர். கருவி வெளியிலிருந்து நடுவுக்குச் சுழன்று வந்து அங்கே தூக்கியிருக்கிறது. உங்கள் ஆள்காட்டி விரலைச் சுழியின் வெளிநுனியில் வைத்து அதே வழியில் நடுவரைக்கும் ஓட்டிப் பாருங்கள். எங்கே அழுத்தம் குறைகிறது என்று தெரிந்தால் இங்கே எழுதுங்கள். ராக்கு குடும்பம் தவிர கியோட்டோவில் வேறு சூளைக்காரர்களும் கருப்பு ராக்கு செய்வார்கள், முத்திரை வைத்து யாருடையது என்று பார்க்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில் அடியைப் படம் எடுத்துப் போடுங்கள்.

#18 மெதுநடை

கஞ்சியில் இரண்டு தடவை வைத்தேன் அக்கா. முதல் தடவைக்குப் பிறகும் கொஞ்சம் ஈரம் இருந்தது. இன்றைக்குக் காலையில் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் போட்டு வேலைக்குப் போனேன். சாயந்தரம் வந்து பார்த்தால் தாள் காய்ந்தே இருக்கிறது.

#19 ஒசாகாமழை

அண்ணா, ஓட்டிப் பார்த்தேன். முக்கால் சுற்று வரை ஒரே ஆழம். அதற்கப்புறம் சட்டென்று மேலே ஏறுகிறது, கூம்புக்குப் பக்கத்தில் கோடே இல்லை. அடுத்த சனிக்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு இதிலேயே கடைந்து கொடுக்கப் போகிறேன், முத்திரையையும் அவரிடமே கேட்டுவிடுகிறேன். படம் நாளைக் காலையில் போடுகிறேன், இப்போது இங்கே இருட்டிவிட்டது.